தலைமடையில் திறந்தது கடைமடைக்குப் போய்ச் சேர: கட்டற்ற உரிமங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். வலங்கைமான் பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் ஒரு மாணவி, தன் ஊர் வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடும் நாட்களை நினைவூட்டும் செயலி ஒன்றை எழுதி முடித்தாள். நிரல்களை இணையத்தில் வைக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றும்போது கேட்டாள்: "அண்ணே, லைசென்ஸ் எதுன்னு கேக்குது. பெரிய பட்டியலா வருது. ஏதாவது ஒண்ணைப் போட்டுடவா, இல்ல காலியாவே விட்டுடவா?"

காலியாக மட்டும் விடாதே என்றேன். அன்று அவ்வளவுதான் சொல்ல நேரம் இருந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். நிரல் எழுதுபவர்களுக்கு மட்டுமின்றி, கல்வெட்டுப் படம் எடுப்பவர், வாய்க்கால் வரைபடம் வரைபவர், மின்னூல் வெளியிடுபவர் எல்லோருக்கும் இது பயன்படும்.

காலியாக விட்டால் என்ன ஆகும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஒரு படைப்பை எழுதி முடித்ததுமே அதன் உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. கணினி நிரலை இந்தச் சட்டம் இலக்கியப் படைப்பின் வகையில் வைத்திருக்கிறது. அந்த உரிமை எழுதியவரின் வாழ்நாள் முழுதும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நிற்கும். ஆகவே உரிமம் (லைசென்ஸ்) எதுவும் போடாமல் இணையத்தில் வைத்த நிரலை மற்றவர்கள் பார்க்கலாம், படிக்கலாம். எடுத்துத் திருத்தித் தங்கள் வேலையில் சேர்க்கவோ பிறருக்குக் கொடுக்கவோ அனுமதி கிடையாது. திறந்து வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் மதகு மூடித்தான் கிடக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். குழி, மா, வேலிக் கணக்கைச் சென்ட், ஏக்கராக மாற்றும் 'மாக்கணக்கு' என்ற சிறு நிரலை எழுதி, உரிமம் போடாமல் ஏற்றிவிட்டேன். திருவாரூர் பக்கத்து ஆசிரியர் ஒருவர் தன் பள்ளிக்காக அதை விரிவாக்க நினைத்து, அனுமதி கேட்டு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். நான் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை. பல மாதம் கழித்துப் பார்த்தபோது அவர் அந்த முயற்சியையே கைவிட்டிருந்தார். உரிமக் கோப்பு ஒன்று இருந்திருந்தால் அவர் என்னிடம் கேட்கவே வேண்டியிருந்திருக்காது.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் விடுதலைக்கும் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் என்பதால், அங்கே கட்டற்ற மென்பொருள் இயக்கம் தன் பெயரை விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்ற மென்பொருளைக் காசுக்கு விற்கலாம், எந்தத் தடையும் கிடையாது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்து, 1985-இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கினார். இந்த இயக்கம் வலியுறுத்துபவை நான்கு சுதந்திரங்கள்: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே பார்த்துத் திருத்தலாம், படியெடுத்துப் பகிரலாம், திருத்தியதையும் பகிரலாம். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற பெயர் 1998-இல் வந்தது. அந்தப் பெயருக்குரிய வரையறையைக் காக்கும் ஓப்பன் சோர்ஸ் இனிஷியேட்டிவ் இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட உரிமங்களை ஏற்றிருக்கிறது. பயப்பட வேண்டாம், நமக்குத் தேவைப்படுவது ஏழெட்டுத்தான்.

இன்னொரு குழப்பம் நம்முடையது. 'காப்புரிமை' என்ற ஒரே சொல்லைச் செய்தித்தாள்கள் பேட்டன்ட்டுக்கும் போடுகின்றன, காப்பிரைட்டுக்கும் போடுகின்றன. இந்தக் கட்டுரையில் காப்பிரைட் என்பதைப் பதிப்புரிமை என்றும், மற்றதைப் பேட்டன்ட் என்றும் எழுதுகிறேன். காப்பிலெஃப்ட் என்பதற்குத் தமிழ் இணையத்தில் 'அளிப்புரிமை' என்ற அழகான சொல் புழங்குகிறது. எனக்கு அது பிடிக்கும்.

அளிப்புரிமை எந்தப் பக்கம் ஓடுகிறது

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழா நம் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். பாரம்பரிய நெல் விதை 2 கிலோ வாங்கிப் போகிறவர், விதைத்து அறுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். அளிப்புரிமையைப் பற்றிப் பேசும்போது பலரும் இதைத்தான் உவமையாகச் சொல்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓரிடத்தில் அது பொருந்தாது, அந்த இடம் முக்கியமானது.

விதை கொடுத்தவரிடமே திரும்ப வருகிறது. அளிப்புரிமையில் எழுதியவருக்கு எதுவும் திரும்ப வர வேண்டியதில்லை. நிரலை நீங்கள் திருத்தி யாருக்குக் கொடுக்கிறீர்களோ, அவருக்கு அதே உரிமைகளையும் மூலநிரலையும் (சோர்ஸ் கோடு) சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அது வாய்க்கால் தண்ணீரைப் போன்றது. தலைமடைக்காரர் தன் வயலுக்கு எடுத்துக்கொள்ளலாம், என்ன பயிர் வேண்டுமானாலும் வைக்கலாம். கீழே போகும் தண்ணீரை மட்டும் கட்டக்கூடாது. உங்கள் வீட்டுக்குள், உங்கள் அலுவலகத்துக்குள் திருத்தி வைத்துக்கொண்டு யாருக்கும் கொடுக்கவில்லையென்றால், ஜிபிஎல் என்ற அளிப்புரிமை உரிமம் உங்களிடம் எதையும் கேட்காது.

எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற தளர்வான உரிமங்களில் அந்த நிபந்தனை கிடையாது. பெயரையும் உரிமக் குறிப்பையும் வைத்துக்கொண்டால் போதும், எடுத்தவர் மூடியும் விற்கலாம்.

முதல் படி: இது உங்களுடையதுதானா?

வேலை செய்யும் நிறுவனத்துக்காக, வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமையாளர் நிறுவனம்தான். பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஒப்பந்த வேலையாக எழுதிக்கொடுத்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கல்லூரிப் புராஜெக்ட் என்றால், சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிகளில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் சேர்ந்து எழுதியதற்கு இரண்டு பேரின் சம்மதமும் வேண்டும். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் யாருக்கும் அளிக்க முடியாது.

இரண்டாம் படி: அது என்ன வகைப் பொருள்?

நிரலுக்கு எழுதப்பட்ட உரிமத்தைப் படத்துக்குப் போட்டாலும், படத்துக்கானதை நிரலுக்குப் போட்டாலும் பின்னால் தகராறு வரும். கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே தன் உரிமங்களை மென்பொருளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது, ஏனென்றால் மூலநிரலைப் பற்றி அவற்றில் எதுவும் இல்லை.

எழுத்து, படம், ஒலிக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ். அதன் முதல் உரிமங்கள் 2002-இல் வந்தன, இப்போதைய 4.0 பதிப்பு 2013-இலிருந்து இருக்கிறது. பெயர் சொன்னால் போதும் என்பது 'பை'. அதே உரிமத்திலேயே பகிர வேண்டும் என்பது 'பை-எஸ்ஏ', எழுத்துலகின் அளிப்புரிமை இதுதான். விக்கிப்பீடியா 2009-இலிருந்து இதில் இருக்கிறது, 2023-இல் 4.0-க்கு மாறியது. வணிகப் பயன்பாடு கூடாது என்ற 'என்சி'யும், திருத்தக்கூடாது என்ற 'என்டி'யும் கட்டற்றவை ஆகா. தமிழில் எழுதுபவர்கள் பலர் பாதுகாப்பு என்று நினைத்து என்சி போடுகிறார்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் என்சி போட்ட படத்தை விக்கிப்பீடியாவில் சேர்க்க முடியாது. மாட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் பெட்டிக்கடை அளவில் நகலகம் வைத்திருப்பவர்கூட அதை அச்சிட்டு விற்கத் தயங்குவார். பெரிய நிறுவனம் மூடி வைத்துக்கொள்ளும் என்பதுதான் உங்கள் கவலை என்றால், அதற்குரிய மருந்து பை-எஸ்ஏ.

தாராசுரத்திலோ திருவாரூரிலோ கல்வெட்டைப் படம் எடுக்கிறீர்கள். கல்வெட்டுக்குப் பதிப்புரிமை என்று எதுவும் இல்லை, உங்கள் படத்துக்கு உண்டு. எனவே படத்துக்கு உரிமம் போடுங்கள்.

எழுத்துருவுக்கு ஓஎஃப்எல் என்ற தனி உரிமம் 2007-இலிருந்து 1.1 பதிப்பாக நிற்கிறது. கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருக்கள் இதில்தான் வருகின்றன. எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது, திருத்தினால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். அதைக் கொண்டு அச்சிடும் கல்யாணப் பத்திரிகையை இந்த உரிமம் தொடாது. அச்சகம் வைத்திருக்கும் நண்பர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

வாய்க்கால், மதகு, குளம் எல்லாவற்றையும், யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்ப்பவர்கள் நம் பகுதியில் தேவைப்படுகிறார்கள். வெண்ணாற்றையும் அரசலாற்றையும் வரைந்துவிட்டார்கள், 'சி', 'டி' பிரிவு வாய்க்கால்களை ஊர்க்காரர் வரைந்தால்தான் சரியாக வரும். அந்தத் தரவு 2012-இலிருந்து ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமத்தில் இருக்கிறது. வரைபடத்தை அச்சிட்டால் பங்களிப்பாளர்களுக்கு நன்றி குறிப்பிட வேண்டும், தரவையே விரிவாக்கிப் பொதுவில் பயன்படுத்தினால் விரித்த தரவையும் அதே உரிமத்தில் தர வேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்து இதில் வரையவே கூடாது. நேரில் நடந்து பார்த்ததையும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அனுமதி பெற்ற செயற்கைக்கோள் படங்களையும் மட்டும் வைத்து வரையுங்கள்.

மின்சுற்றுப் பலகை போன்ற வன்பொருள் வடிவமைப்புக்குச் செர்ன் ஆய்வகத்தின் ஓஎச்எல் இருக்கிறது. 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பு இறுக்கம், நடுத்தரம், தளர்வு என்று மூன்று வகையாகக் கிடைக்கிறது.

மூன்றாம் படி: தண்ணீர் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

நிரலுக்கு வருவோம். எந்த உரிமத்தை எடுப்பது என்பது இந்தக் கேள்வியில்தான் முடிவாகிறது.

யார் எடுத்து என்ன செய்தாலும் சரி, பரவினால் போதும் என்றால் எம்ஐடி. ஒரே பக்கம், வாசிக்க ஒரு நிமிடம். சற்றுப் பெரிய வேலை, பல நிறுவனங்கள் சேரக்கூடியது என்றால் 2004-இல் வந்த அப்பாச்சி 2.0 நல்லது. பங்களிப்பவர் தன் பேட்டன்ட் உரிமையையும் சேர்த்தே கொடுக்கிறார் என்று அதில் வெளிப்படையாக இருக்கிறது. பேட்டன்ட் வழக்குப் போடுபவர் அந்த உரிமையை இழப்பார் என்றும் இருக்கிறது. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி இதில்தான் வருகிறது.

தளர்வான உரிமத்தில் என்ன நடக்கும் என்பதை முன்பே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஆண்ட்ரூ டானன்பாம் தன் மினிக்ஸ் இயங்குதளத்தைப் பிஎஸ்டி உரிமத்தில் வெளியிட்டிருந்தார். இன்டெல் அதைத் தன் சில்லுகளின் உள்ளே வைத்திருந்தது 2017-இல் வெளியே வந்தபோது அவர் ஒரு திறந்த மடல் எழுதினார். உரிமப்படி சொல்ல வேண்டியதில்லைதான், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது அதன் சாரம்.

எனக்கும் சிறிய அளவில் அதுதான் நடந்தது. திருவாரூர் ஆசிரியருக்குச் செய்ததை நினைத்து வெட்கப்பட்டு, மாக்கணக்குக்கு எம்ஐடி போட்டேன். ஒரு செயலி நிறுவனம் எடுத்து விளம்பரங்களோடு வெளியிட்டது. என் நிரலில் ஒரு பிழை இருந்தது. குழி 144 சதுர அடி, 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி. அது 33 சென்ட்டுக்குச் சற்றே கூடுதல். நான் 33 என்று முழுசாக்கிவிட்டிருந்தேன். 20 மா கொண்ட ஒரு வேலிக்கு வந்தால் 504 சதுர அடி, சரியாக மூன்றரைக் குழி குறைந்தது. அவர்கள் அதைக் கண்டுபிடித்துத் தங்கள் செயலியில் திருத்தினார்கள். எனக்குச் சொல்லவில்லை, திருத்திய நிரலையும் வெளியிடவில்லை. என் பதிப்பை வைத்திருந்தவர்கள் தப்புக் கணக்கையே போட்டுக்கொண்டிருந்தார்கள். நிறுவனம் உரிமத்தை மீறவில்லை, நான்தான் அப்படிப்பட்ட உரிமத்தைக் கொடுத்திருந்தேன்.

கீழே உள்ளவருக்கும் போய்ச் சேர வேண்டும் என்றால் அளிப்புரிமை. இதில் நான்கு அளவுகள் இருக்கின்றன.

எம்பிஎல் 2.0 கோப்பு அளவில் நிற்கும். உங்கள் கோப்பைத் திருத்தினால் அந்தக் கோப்பை வெளியிட வேண்டும், பக்கத்தில் சேர்க்கும் கோப்புகள் மூடியே இருக்கலாம். ஃபயர்ஃபாக்ஸ் இதில் இருக்கிறது.

எல்ஜிபிஎல் நிரல்தொகுப்பு (லைப்ரரி) அளவில் நிற்கும். தமிழ்ச் சொற்பிழைத் திருத்திக்கான நிரல்தொகுப்பு ஒன்றை எழுதி, மூடிய மென்பொருள்களும் பயன்படுத்தட்டும், ஆனால் தொகுப்பில் செய்த திருத்தம் வெளியே வரட்டும் என்று நினைத்தால் இதைப் போடுங்கள்.

ஜிபிஎல் முழு மென்பொருளையும் பிடிக்கும். முதல் பதிப்பு 1989, இரண்டாவது 1991, மூன்றாவது 2007. இதன் பலன் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் கதை லிங்க்சிஸ் ரவுட்டருடையது. டபிள்யூஆர்டி54ஜி என்ற அந்த ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைப் பயனர்கள் 2003-இல் கண்டுபிடித்துக் கேட்டார்கள். ஜிபிஎல் இருந்ததால் மூலநிரல் வெளியே வந்தது. அதை அடித்தளமாக வைத்து 2004-இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் இயங்குதளம் பிறந்தது, இன்று எத்தனையோ நிறுவனங்களின் ரவுட்டர்களில் ஓடுகிறது.

மூன்றாம் பதிப்பில் கூடுதலாக ஒன்று உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மோட்டாரைக் கைப்பேசியில் இயக்கும் கருவியை விற்கிறீர்கள், உள்ளே ஜிபிஎல் 3 நிரல். மூலநிரலைக் கொடுத்தால் மட்டும் போதாது, திருத்திய நிரலை வாங்கியவர் அதே கருவியில் ஏற்றத் தேவையான விவரத்தையும் தர வேண்டும்.

ஏஜிபிஎல்தான் கடைசி அளவு. மென்பொருளை யாருக்கும் கொடுக்காமல் சர்வரில் மட்டும் ஓட்டினால் ஜிபிஎல்லுக்கு அது கொடுத்ததாகாது. 2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல் 3 அந்த இடைவெளியை அடைத்தது. திருத்தி இணையச் சேவையாக நடத்தினால், அதைப் பயன்படுத்துபவர் மூலநிரலைக் கேட்டுப் பெறலாம். சமூக வலைத்தள மென்பொருளான மாஸ்டடானும், கோப்புச் சேமிப்புக்கான நெக்ஸ்ட்கிளவுடும் இதில் இருக்கின்றன. வலங்கைமான் மாணவியின் செயலி பாதி கைப்பேசியிலும் பாதி சர்வரிலும் ஓடுவது, அதனால் அவளுக்கு நான் சொன்னது ஏஜிபிஎல் 3.

எஸ்எஸ்பிஎல், பிசினஸ் சோர்ஸ் லைசென்ஸ் போன்றவற்றையும் பார்ப்பீர்கள். மூலநிரல் கண்ணுக்குத் தெரியும், ஆனால் பயன்பாட்டுக்குத் தடை உண்டு. அவை ஓப்பன் சோர்ஸ் வரையறைக்குள் வருவதில்லை. 2023-இல் ஹாஷிகார்ப் நிறுவனம் சர்வர்களை அமைக்க உதவும் தன் டெராஃபார்ம் மென்பொருளை அப்படி மாற்றியபோது, பழைய உரிமத்தில் இருந்த பதிப்பிலிருந்து ஓப்பன்டோஃபு என்ற கட்டற்ற மென்பொருள் கிளைத்தது.

நான்காம் படி: உள்ளே வந்தவற்றோடு ஒத்துப்போகிறதா?

நீங்கள் எழுதியது நூறு வரியாகவும், இறக்கிச் சேர்த்தது லட்சம் வரியாகவும் இருக்கும். ஒவ்வொன்றின் உரிமத்தையும் பாருங்கள். எம்ஐடி, பிஎஸ்டி நிரலை ஜிபிஎல் மென்பொருளுக்குள் சேர்க்கலாம், அவற்றின் குறிப்பை மட்டும் அழிக்கக்கூடாது. ஜிபிஎல் நிரலைச் சேர்த்துவிட்டு மொத்தத்தையும் எம்ஐடி என்று வெளியிட முடியாது. அப்பாச்சி 2.0 நிரல் ஜிபிஎல் 3-க்குள் போகும், ஜிபிஎல் 2-க்குள் போகாது. லினக்ஸ் கருவகம் (கெர்னல்) ஜிபிஎல் 2 மட்டும் என்று நிற்கிறது, அதனால் ஜிபிஎல் 3 நிரலை அதில் சேர்க்க வழியில்லை. இதை நினைவில் வைத்து, உங்கள் உரிமத்தில் 'இந்தப் பதிப்பு அல்லது பிந்தைய பதிப்பு' என்று எழுதுங்கள். பின்னாளில் ஒட்டிச் சேர்க்க இடம் கிடைக்கும்.

ஐந்தாம் படி: போடுவது

திட்டத்தின் மேல்கோப்புறையில் லைசென்ஸ் என்ற பெயரில் கோப்பு ஒன்றை வைத்து, உரிமத்தின் முழு உரையை ஒரு சொல்லும் மாற்றாமல் ஒட்டுங்கள். 'நல்ல காரியத்துக்கு மட்டும்' என்பது போன்ற வரியை நீங்களாகச் சேர்க்காதீர்கள். அது உரிமத்தையே வேறொன்றாக்கிவிடும். தமிழ் விளக்கம் தர விரும்பினால், திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் தனியாக எழுதுங்கள், சட்டப்படி செல்லுவது மூல உரைதான் என்ற வரியோடு.

ஒவ்வொரு நிரல் கோப்பின் தலையிலும் ஆண்டும் உங்கள் பெயரும் கொண்ட பதிப்புரிமை வரி, அதன்கீழ் எந்த உரிமம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் அடையாள வரி. கோப்புகள் பிரிந்து வேறு திட்டத்துக்குப் போனாலும் இந்த இரண்டு வரிகள் கூடவே போகும். படங்களும் உரைகளும் திட்டத்தில் இருந்தால் அவற்றின் உரிமத்தை ரீட்மீயில் தனியே சொல்லுங்கள்.

ஆறாம் படி: கொடுக்கும்போது

ஜிபிஎல் மென்பொருளைச் செயலியாகவோ பென்டிரைவிலோ கொடுக்கும்போது மூலநிரலையும் கொடுக்க வேண்டும். பின்னால் தருகிறேன் என்று எழுதிக்கொடுக்கும் வழியும் உண்டு, இரண்டாம் பதிப்பில் அந்த வாக்கு குறைந்தது 3 ஆண்டு செல்ல வேண்டும். அதைக் காப்பது தலைவலி. செயலியை வைத்த பக்கத்திலேயே அதே பதிப்பின் மூலநிரலையும் வைத்துவிடுங்கள். அதே பதிப்பு என்பது முக்கியம், போன வருடத்து நிரலை வைத்துவிட்டுப் போவது பலரும் செய்யும் தவறு.

ஏழாம் படி: யாராவது மீறினால்

முதலில் மரியாதையாக ஒரு மின்னஞ்சல். பெரும்பாலும் தெரியாமல் செய்திருப்பார்கள். ஜிபிஎல் 3-இல் இதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். முதல்முறை மீறியவர், அறிவிப்புக் கிடைத்த 30 நாளுக்குள் சரிசெய்துவிட்டால் உரிமை முழுமையாகத் திரும்பிவிடும். இந்த உரிமங்கள் நீதிமன்றத்தில் நிற்குமா என்று கேட்பவர்களுக்கு: 2004-இல் ஜெர்மனியின் மியூனிக் நீதிமன்றம் ஜிபிஎல்லை ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2008-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, மாதிரி ரயில்களை இயக்கும் மென்பொருள் தொடர்பான வழக்கில், ஓப்பன் சோர்ஸ் உரிமத்தின் நிபந்தனையை மீறுவது பதிப்புரிமை மீறலாகும் என்றது.

பின்னால் மாற்ற நினைத்தால்

மற்றவர் எழுதிய பகுதி உள்ளே வந்தபின் உரிமம் உங்கள் ஒருவர் கையில் இல்லை. ஒவ்வொருவர் பகுதிக்கும் அவரவரே உரிமையாளர். அதனால் பங்களிப்பு வரத் தொடங்கும் நாளிலேயே, 'இது என் எழுத்து, இந்த உரிமத்தில் தர எனக்கு உரிமை உண்டு' என்று உறுதிசொல்லும் கையொப்ப வரியைக் கேட்டுப் பெறுங்கள். லினக்ஸ் கருவகத்தில் 2004-இலிருந்து இந்த வழக்கம் இருக்கிறது. அத்தோடு அவர்களுடைய மின்னஞ்சலையும் குறித்து வையுங்கள்.

மாக்கணக்கை ஜிபிஎல் 3-க்கு மாற்றியபோது அதில் என்னைத் தவிர மூன்று பேரின் வரிகள் இருந்தன. எம்ஐடி என்பதால் சட்டப்படி அவர்களைக் கேட்காமலேயே ஜிபிஎல்லுக்குள் சேர்த்திருக்கலாம். இருந்தாலும் கேட்டேன். இரண்டு பேர் அன்றே சம்மதம் எழுதினார்கள். மூன்றாமவரைப் பிடிக்கவே முடியவில்லை. அவருடைய இருபது வரிகளை அவர் பெயரோடும் எம்ஐடி குறிப்போடும் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன். மூன்றரைக் குழிப் பிழையைத் திருத்திய பதிப்பு அதன் பிறகுதான் வெளிவந்தது. அதன் முதல் பிரதியைத் திருவாரூர் ஆசிரியருக்கு அனுப்பினேன்.